சைக்கிள் ஓட்டச் சொல்கிறீர்கள்... பாதை எங்கே?

சர்க்கரை, முழங்கால் வலி, ஏறிக்கொண்டே போகும் எடை... எதற்காகப் போனாலும் டாக்டர் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: "தினம் நடங்க. இல்லேன்னா சைக்கிள் ஓட்டுங்க." நல்ல யோசனைதான். மாத்திரை எழுதிக் கொடுத்தால் தெருக்கோடி மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவிடலாம். சைக்கிளைக் கூட வாங்கிவிடலாம் ஸார். அதை ஓட்டுகிற இடத்தை எந்தக் கடையில் வாங்குவது?

லஸ் கார்னரில் ஐம்பது வயதில் ஒரு பெண்மணி சைக்கிளில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். பின்னால் மாநகர பஸ், இடப்பக்கம் புகுந்து வரும் பைக், எதிரே ராங் சைடில் ஆட்டோ, நடுவே மெட்ரோவுக்காக அடைத்த தகரம். அந்த அம்மாளுக்கு ரத்த அழுத்தம் குறையுமா, ஏறுமா? தி.நகர் உஸ்மான் சாலையோ, அடையாறு எல்.பி. ரோடோ, கதை ஒன்றுதான். "நம்ம ஜனங்களுக்குச் சோம்பேறித்தனம், உடம்பை வளைக்க மாட்டேங்கிறாங்க" என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாதிப் பேரை வீட்டில் உட்கார வைத்திருப்பது சோம்பல் இல்லை, பயம். அதுவும் நியாயமான பயம்.

இதே மயிலாப்பூரில் ஒரு காலத்தில் 'அவர் சைக்கிள்' என்று மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, மாட வீதியைச் சுற்றிச் சுற்றி வந்து பழகியவர்கள் இன்றைக்கு அறுபதைத் தாண்டியவர்கள். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் பிடிப்பார், ராத்திரி விளக்கில்லாமல் போனால் அபராதம். அவ்வளவுதான் அன்றைய ஆபத்து! அவர்களுடைய பேரன் பேத்திகளுக்கு இன்று சைக்கிள் என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் எட்டுப் போடுகிற விளையாட்டுச் சாமான். பத்து வயதில் கியர் வைத்த சைக்கிள் வாங்கித் தருகிறோம். பதின்மூன்றில் அது பால்கனியில் துணி காயப்போடுகிற கம்பியாகிறது.

பெண்களுக்கு இந்த நஷ்டம் இன்னும் அதிகம். புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கல் உடைக்கும் பெண்கள், கூலிப் பெண்கள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-02-ல் ஆரம்பித்து, பின்னால் விரிவடைந்தது. ஆக, தமிழ்நாட்டுப் பெண்களுக்கு ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பட்டணத்துக்குக் கல்யாணமாகி வந்த பிறகு ஓட்ட இடமில்லை, அதுதான் விஷயம்.

"ஈ.சி.ஆரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நூற்றுக்கணக்கில் போகிறார்களே?" என்று கேட்பீர்கள். போகிறார்கள். மாமல்லபுரம் வரைக்கும் போய்விட்டு, எட்டு மணிக்கு வீடு திரும்பிப் பொங்கல் வடை சாப்பிடுகிற இளைஞர்களைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சாலையில் கார்கள் பறக்கிற வேகத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்ணையும் ஐம்பத்தைந்து வயது மாமனாரையும் கூட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியமில்லை. பழகிய வீரர்களுக்கே அங்கே விபத்து நேர்ந்திருக்கிறது. அது குடும்பத்துக்கான பாதை இல்லை.

ரயில் விட்டுப்போன பாதை

வெளிநாடுகளில் இதற்கு ஒரு சுலபமான வழி கண்டிருக்கிறார்கள். ரயில் நின்றுபோன கிராமத்துத் தடங்களில் தண்டவாளத்தையும் கட்டைகளையும் பிடுங்கிவிட்டு, மண்ணை இறுக்கி, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே 1960-களிலேயே இப்படி ஒரு பாதை வந்தது. சுமார் 51 கிலோமீட்டர், வழியில் மூன்று குகைகள்! ஸ்பெயின் 1993-லிருந்து இதையே ஒரு தேசியத் திட்டமாகச் செய்கிறது. நியூசிலாந்தில் ஒட்டாகோ பக்கம் 2000-ல் திறந்த பாதை 150 கிலோமீட்டர் நீளம். ரயில் போனதும் சோர்ந்துபோன சிற்றூர்களில், சைக்கிளில் வருகிறவர்களை நம்பியே தங்கும் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் நடக்கின்றன.

ரயில் பாதைக்கு மட்டும் என்ன விசேஷம் என்றால், அதன் சரிவு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் ஓடும்போது பிடிமானம் குறைவு. ஏற்றம் கொஞ்சம் கூடினாலும் சக்கரம் வழுக்கும், எஞ்சின் திணறும். அதனால் அந்தக் காலத்து இன்ஜினீயர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, சமவெளியில் நூறு மீட்டர் போனால் ஒரு மீட்டருக்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொண்டார்கள். (ஊட்டி ரயில் விதிவிலக்கு. அங்கே பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம், அதனால்தான் நடுவில் பல் வைத்த தண்டவாளம்.) நீராவி எஞ்சினுக்காகச் செய்த இந்தக் கரிசனம், நூறு வருஷம் கழித்து நம்முடைய முழங்காலுக்கு உபகாரமாக வருகிறது. ஏற்றத்தில் பெடலை மிதிக்கும்போதுதான் முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும், நெஞ்சு படபடக்கும். சமமான பாதையில் மூச்சு ஒரே சீராக ஓடும், பேசிக்கொண்டே போகலாம். புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

அமெரிக்காவெல்லாம் எதற்கு, மயிலாப்பூர்க்காரர்களில் எத்தனையோ பேர் வருஷம் ஒரு தடவை போய்வரும் சிங்கப்பூரையே பார்க்கலாமே! தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலேயா ரயில்வேயின் தடம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களிலும் பராமரித்தவர்களிலும் ஏராளமானோர் நம்மூர்களிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்கள். 2011 ஜூன் 30 ராத்திரியோடு அங்கே ரயில் நின்றது, நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பியது. அங்கே ஒரு சதுர அடி நிலம் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். அடுக்குமாடி கட்டியிருந்தால் கொழுத்த காசு. ஆனால் ரயில் நிற்பதற்கு முந்தைய வருஷமே அந்த ஊர் இயற்கை ஆர்வலர் சங்கம், 'இதை அப்படியே பசுமைப் பாதையாக விடுங்கள்' என்று எழுதிக் கொடுத்தது. அரசும் காது கொடுத்தது. இன்றைக்கு 24 கிலோமீட்டர் நீளத்துக்கு, நகரத்தின் நடுவே, மரங்களுக்கு ஊடே ஒரு தடம். புக்கிட் தீமா பழைய ஸ்டேஷனைச் சீர்செய்து 2022-ல் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். பிள்ளை வீட்டுக்குப் போகிற தாத்தா பாட்டிகள் அடுத்த தடவை ஷாப்பிங் மாலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அங்கே ஒரு காலை நடந்துவிட்டு வரலாம்.

நம்மிடமும் ஒரு தடம் உண்டு

இனி நம்மூருக்கு வருவோம். ரயில் விட்டுப்போன தடம் என்றதும் தமிழனுக்கு முதலில் ஞாபகம் வருவது தனுஷ்கோடி. பாம்பன் பாலம் 1914-ல் திறந்ததிலிருந்து, எழும்பூரில் ஏறினால் போட் மெயில் தனுஷ்கோடிக்கே கொண்டுபோய் விடும். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் எடுத்துக்கொண்டது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. உடைந்த பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தது பெரிய சாதனை. ஆனால் ராமேஸ்வரத்துக்கு அப்பால் ரயில் திரும்பவேயில்லை. 2019 மார்ச்சில் புதுத் தண்டவாளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ரயில்தான் வரவில்லை.

வந்தது தார்ச்சாலை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோமீட்டர், 2017 ஜூலையில் திறந்தார்கள். அதற்கு முன் அங்கே மணலில் வேன்தான் போகும். இப்போது இரு பக்கமும் கடல், நடுவே கோடு போட்டாற்போல் சாலை, ஓரத்தில் இடிந்த சர்ச், ரயில்வே கட்டடங்களின் மிச்சம். ராமேஸ்வரத்திலிருந்து முனை வரை சுமார் இருபது கிலோமீட்டர், மேடு என்று ஒன்றுமே கிடையாது. வார இறுதிக்கு இதைவிட நல்ல சைக்கிள் பயணம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையில் ரயிலேறி, சனிக்கிழமை ஓய்வெடுத்து, ஞாயிறு காலை ஓட்டிவிட்டு, ராத்திரி ரயிலில் திங்கள் காலை வீடு வந்துவிடலாம். சைக்கிளை ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் முன்கூட்டியே பதிவு பண்ணவேண்டும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் போகிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். ஒன்பது மணிக்குமேல் சுற்றுலா வேன்களின் ஊர்வலம் தொடங்கிவிடும், வெயிலும் மண்டையைப் பிளக்கும். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கூடவே உப்பு போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ அவசியம். அங்கே மலை இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கும். போகும்போது முதுகில் தள்ளினால் 'ஆகா, நமக்கு இவ்வளவு தெம்பா!' என்று தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும் சங்கதி. அதனால் உடம்பில் பாதித் தெம்பு மிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். முதல் தடவை கோதண்டராமர் கோயிலோடு நிறுத்திக்கொண்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. அந்தப் புயலிலும் விழாமல் நின்ற கோயில் அது. அரிச்சல்முனையில் கடலில் இறங்காதீர்கள், நீரோட்டம் பொல்லாதது.

இந்த இடத்தில் என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் மணல் கிடக்கிற அந்தச் சாலையை ஒட்டி, பழைய ரயில் தடத்தின் போக்கிலேயே, நாலடி அகலத்தில் சைக்கிளுக்கென்று ஒரு பாதை போட எவ்வளவு செலவாகிவிடும்? ரயில் வருகிறபோது வரட்டும். ஆனால் கேளிக்கைப் பூங்காவாக்கிவிடக் கூடாது. பல நூறு உயிர் போன இடம். அங்கே இன்னமும் மீனவக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. பாட்டுப் பெட்டி அலற, பிளாஸ்டிக் பாட்டிலை வீசிவிட்டு வருகிற இடமில்லை அது. சைக்கிளில் போகிறவன் சத்தம் போடுவதில்லை, புகை விடுவதில்லை. அந்த ஊருக்கு ஏற்ற விருந்தாளி அவன்தான்.

வாரத்தில் ஒரு நாள் போதுமா?

"ஆறு நாள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டினால் என்ன பிரயோஜனம்?" நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு. அதைத் தினம் பிரித்துச் செய்தால்தான் பலன் என்று பலகாலம் நினைத்துக்கொண்டிருந்தோம். 2023-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், இங்கிலாந்தில் சுமார் 90 ஆயிரம் பேரின் மணிக்கட்டில் கருவி கட்டி, ஒரு வாரம் அவர்கள் எவ்வளவு அசைகிறார்கள் என்று அளந்து, பிறகு பல வருஷம் கவனித்தார்கள். 150 நிமிஷ உழைப்பில் பாதிக்கு மேல் ஓரிரு நாளிலேயே முடித்தவர்களுக்கும், வாரம் முழுக்கப் பரப்பிச் செய்தவர்களுக்கும் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்திருந்தன. ஆக, ஞாயிற்றுக்கிழமைக்காரர்களைக் கேலி செய்ய வேண்டாம்.

ஆனால் சர்க்கரைக்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. வேலை செய்த தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சுகிற சுறுசுறுப்பு ஓரிரண்டு நாள்தான் இருக்கும், பிறகு மங்கிவிடும். அதனால் இவர்கள் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் இருப்பது உத்தமம். நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது, இன்னும் 13 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். எத்தனை மாத்திரைக் கடை திறந்தாலும் ஈடுகட்ட முடியாத எண்ணிக்கை இது. ஊருக்குள்ளேயே பாதை வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதும் அதனால்தான். வருஷம் ஒரு தடவை தனுஷ்கோடி போவது மனசுக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் ஓட்டுவதுதான் ரத்தத்துக்கு.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. கிளம்புமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 90-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுச் சரியான பிறகுதான் சைக்கிள். சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் மங்கினால் உடனே இறங்கி வாயில் போடுங்கள். கடலை மிட்டாய் அதற்குப் பிறகு. கொழுப்புள்ள கடலை மெதுவாகத்தான் ஏறும். வீடு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், கொப்புளம் தெரியாமலே புண்ணாகும். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று பார்க்காதீர்கள். ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே ஆரம்பிக்க வேண்டும்.

முழங்கால்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி: நடக்கும்போது உடம்பின் பாரமெல்லாம் மூட்டில் இறங்கும், சைக்கிளில் பாதிக்கு மேல் சீட் தாங்கிக்கொள்ளும். ஆனால் நம் ஜனங்களில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். கால் தரையில் பதிந்தால் தைரியம் என்பதற்காக! அப்படி ஓட்டினால் முழங்கால் எப்போதும் மடங்கியே இருந்து சில்லு வலிக்கும். பழியோ சைக்கிள்மேல். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது லேசான மடிப்பு இருக்கும், அதுதான் சரியான உயரம். புடவை கட்டுகிறவர்கள் செயின் கவரும் பின் சக்கரத்துக்கு வலையும் போட்டுக்கொள்வது அவசியம்.

பறக்கும் ரயிலின் நிழலில்

ஊருக்குள் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தலைக்கு மேலே பாருங்கள். பறக்கும் ரயில் 1995-ல் கடற்கரையிலிருந்து ஆரம்பித்து, 1997-ல் மயிலாப்பூருக்கும், 2004-ல் திருவான்மியூருக்கும், 2007-ல் வேளச்சேரிக்கும் வந்தது. பாதி தூரம் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே ஓடுகிறது. கால்வாய்க்குள்ளேயே தூணை நட்டது தப்பு என்பது என் கட்சி, அது வேறு வழக்கு. ஆனால் திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு, கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், திருவான்மியூர் என்று ஏழு ஸ்டேஷனைத் தொட்டுக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாமல், மேலே நிழல் கொடுத்தபடி ஒரு தடம் தென்சென்னைக்குக் குறுக்கே போகிறது. ரயில் நின்ற தடத்தில் பாதை போடுகிறார்கள் வெளிநாட்டில். நாம் ரயில் ஓடுகிற தடத்துக்குக் கீழேயே போடலாம்.

ஒரே மூச்சில் முடியாது என்பது தெரியும். சில இடத்தில் தூண் தண்ணீரில் நிற்கிறது, ஆற்றைத் தாண்ட வேண்டும், சில இடத்தில் போக்கிடம் இல்லாத குடும்பங்கள் குடியிருக்கின்றன. அவர்களை விரட்டிவிட்டு எனக்குப் பாதை வேண்டாம். கஸ்தூரிபா நகரிலிருந்து திருவான்மியூர் வரை ஓரத்தில் தெருவும் நடைபாதையும் ஓரளவு இருக்கிறது, அங்கே தொடங்கட்டும்.

காசில்லை என்ற பதிலும் செல்லாது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 சதவீதத்தை அவர்களுக்கு ஒதுக்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பாண்டி பஜாரில் 2019-ல் அகல நடைபாதை போட்டபோது 'வியாபாரம் படுத்துவிடும்' என்றவர்கள் இருந்தார்கள். இப்போது சாயங்காலம் அங்கே குழந்தைகளோடு உலாத்த இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம்.

எனவே அடுத்த முறை வார்டு கவுன்சிலர் தெருவுக்கு வரும்போது, குப்பை, கொசு, குடிநீரோடு இதையும் கேளுங்கள். பெரிய கான்கிரீட் வேலை வேண்டாம் என்று சொல்லுங்கள். தூண்களுக்கு நடுவே நிறுத்திவைத்திருக்கும் வண்டிகளை அப்புறப்படுத்தி, பைக் புகாதபடி கல் நட்டு, பெண்கள் இருட்டியபின்னும் போகிற மாதிரி விளக்குப் போட்டு, ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் சைக்கிளைப் பூட்டிவைக்கப் பத்து இரும்பு வளையம் பதித்தால் முதல் வருஷத்துக்குப் போதும்.